ம் கொட்டுகிற அக்கா

கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று ஒரு பெண் குரல் சொல்லும் அல்லவா, அந்தக் குரலுக்கும் அக்கா ம் கொட்டுவார். 'ரீசார்ஜ் விவரங்களுக்கு இரண்டை அழுத்தவும்.' ம். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.' ம், ம். பக்கத்தில் இருக்கிற எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "அக்கா, அது மெஷின்க்கா" என்றால், "தெரியும்டி. ஒருத்தர் சொல்றப்ப சும்மா எப்படிக் கேட்டுக்கிட்டு இருக்குறது" என்பார்.

பெயரை நான் எழுதப்போவதில்லை. நாங்கள் எடுக்கிற ஆவணப்படங்களின் கடைசியில் ஓடுகிற பெயர்களிலும் அவர் பெயர் கிடையாது. "என் பேரப் போட்டீங்க, அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்து ஒதைப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். செய்யக்கூடிய ஆள்தான். ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எதையாவது சொல்ல ஆரம்பித்துவிட்டால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மாட்டார் என்பதால் எனக்குப் பெரிதாகப் பயம் இல்லை.

முதல் நாளே அப்படித்தான் ஆனது. சென்னையில் இருக்கிற ஒரு அமைப்பு, பழங்குடிப் பிள்ளைகள் தங்கள் ஆட்களைப் பற்றித் தாங்களே சின்னச் சின்ன ஆவணப்படம் எடுக்கட்டும் என்று கேமராவும் பயிற்சியும் கொடுக்க முன்வந்தது. பச்சைமலையிலிருந்து சிலர் வந்தார்கள். ஆண்டிமடத்துப் பக்கம் முந்திரிக்காட்டு ஓரத்தில் இருக்கிற எங்கள் இருளர் குடியிருப்பிலிருந்து நான் போனேன். பெரம்பலூரில் ஒரு மண்டபத்து மாடியில் வகுப்பு. பாடம் நடத்தச் சென்னையிலிருந்து ஒரு சார் அவ்வப்போது வருவார். எங்களைத் திரட்டுவது, சாப்பாடு சொல்வது, கேமராப் பையைத் தூக்குவது, படம் எடுக்கும்போது ஒலிப்பதிவு செய்வது எல்லாம் அக்காவின் பொறுப்பு. அதற்கு முன் உள்ளூர் கேபிள் டிவியில் வேலை பார்த்தவர். தொடக்க நாளன்று பொறுப்பாளரைக் காணோம். சார் கடிகாரத்தைப் பார்க்கிறார், நாங்கள் கூரையைப் பார்க்கிறோம். டிபன் எல்லாம் ஆறிப்போன பிறகு அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டில் செட்டிகுளத்துப் பெரியவர் ஒருவர் தன் வீட்டுப் பாகப்பிரிவினையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அக்கா ம் கொட்டியிருக்கிறார். தம்பிக்காரன் கிணற்றில் பங்கு கேட்ட இடம் வருவதற்குள் அக்காவின் பஸ்ஸும் போய்விட்டது, பெரியவரின் பஸ்ஸும் போய்விட்டது.

"கெணறு யாருக்குப் போச்சுங்க?" என்று பச்சைமலைக்காரர் ஒருவர் கேட்டார்.

"அதான் தெரியல. அதுக்குள்ள அவரு பஸ்ஸு ரெண்டாவது தடவையும் வந்துருச்சு" என்றார் அக்கா, நிஜமான வருத்தத்தோடு.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒலிப்பதிவுப் பாடம். சொல்லிக் கொடுத்த முதல் விதியே இதுதான்: பேட்டி எடுக்கும்போது கேட்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. தலையை மட்டும் ஆட்ட வேண்டும். நம் சத்தம் பேசுகிறவர் பேச்சின் மேல் விழுந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. அழகாகச் சொன்னார். செய்தும் காட்டினார். பச்சைமலைக்காரரை உட்கார வைத்து மரவள்ளி போட்ட கதையைக் கேட்டுப் பதிவு செய்தார். போட்டுக் கேட்டால் மரவள்ளிக்கு ஒரு ம், மழைக்கு ஒரு ம், காட்டுப்பன்றி வந்ததற்கு 'ம்ம்ம்?' என்று இழுத்து ஒன்று. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நான் பண்ணலியே" என்றார். தான் ம் கொட்டுவது அவருக்கே தெரிவதில்லை.

அதற்குப் பிறகு அதை நிறுத்த அவர் பட்ட பாடு இருக்கிறதே. வாயில் மிட்டாய் அடக்கிக்கொண்டு பார்த்தார். மிட்டாய் பல்லில் உருளுகிற சத்தம் ம்மை விடத் தெளிவாகப் பதிவானது. துப்பட்டாவை வாயில் கட்டிப் பார்த்தார். துப்பட்டாவுக்குள்ளிருந்து மாடு அசைபோடுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு எரிச்சலும் இருந்தது. அதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்த விஷயம்.

அறுவடை முடிந்ததும் கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து வயல்களில் வளை வெட்டி எலி பிடிக்க அப்பாவைக் கூப்பிடுவார்கள். எலி வளைக்குள் இழுத்து வைத்திருக்கிற நெல் எங்களுக்கு. எலியும் எங்களுக்கு. சுட்டும் தின்போம், குழம்பும் வைப்போம். நாங்கள் இருளர், அது எங்கள் சாப்பாடு. பயிற்சிக்கு முந்திய வருஷம் ஒருவன் பைக்கில் வந்து, யூடியூப் சேனல் என்று சொல்லி, அப்பாவோடு ஒரு நாள் பூராவும் வயலில் சுற்றினான். மரியாதையாகத்தான் பேசினான். எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக்காட்டச் சொன்னான். அப்பா தூக்கிக்காட்டிச் சிரித்தார். வீடியோ வந்தபோது அதற்குப் பேய்ப்படத்து இசை போட்டிருந்தான், நாங்கள் எலியைப் பச்சையாகத் தின்கிறோம் என்று தலைப்பு வைத்திருந்தான். அப்பா சிரிக்கிற இடத்தில் படத்தை நிறுத்தி அவர் பல்லைப் பெரிதாக்கிக் காட்டியிருந்தான்.

என் தங்கை அப்போது ஒன்பதாவது படித்தாள். வகுப்புக்குள் அவள் நுழைந்தால் பின் பெஞ்சிலிருந்து எலி மாதிரிக் கீச்சென்று சத்தம் வரும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் புத்தகப்பையை ஆணியில் மாட்டினாள், அதோடு சரி. முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தாள். அம்மா அழுதது, நான் திட்டியது, எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அப்பா திட்டவும் இல்லை, அழவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பயிற்சியில் இருந்தபோது ஒருநாள், ஆண்டிமடம் போகிற பஸ்ஸில் இதையெல்லாம் அக்காவிடம் கொட்டினேன். நடுநடுவே அந்த ம். ஒவ்வொரு ம்முக்கும் நான் இன்னும் கொஞ்சம் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது.

"எல்லாத்துக்கும் ம் ம்னு கேட்டீங்கல்ல. இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "தெரியலடி. எனக்குக் கேக்கத்தான் வருது" என்றார். பிறகு, "நீ உங்கப்பாவப் பத்தியே படம் எடேன்" என்றார்.

"எங்க ஆளுங்க கேமராவப் பாத்தாலே கதவச் சாத்துறாங்க."

"ம்" என்றார். அடித்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் அந்த எண்ணம் என்னை விடவில்லை. தை மாதம் அறுப்பு நடக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். மகள் கேட்கிறாளே என்று ஒத்துக்கொண்டார், முழு மனசோடு இல்லை. வீட்டுக்குப் பின்னால் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்தார். நான் கேமராவுக்குப் பக்கத்தில். கம்பில் கட்டிய மைக்கைப் பிடித்துக்கொண்டு அக்கா ஓரமாக. அன்று அவர் உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவு தீர்மானம்.

விதிப்படி நானும் வாயைத் திறக்கவில்லை. அப்பா வளை வெட்டுகிற கதையை ஆரம்பித்தார். ஒரு வளைக்கு எத்தனை வாசல் இருக்கும், எலியை விரட்ட எந்த வாசலில் புகைச்சட்டியை வைக்க வேண்டும் என்று இரண்டு வார்த்தை சொன்னார், நிறுத்தினார், என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இன்னொரு வார்த்தை சொன்னார். மறுபடி பார்த்தார். நான் மறுபடி ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் ஒருவர் பேசும்போது மற்றவர் ம் கொட்டாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோபமாக இருக்கிறார், கேட்க விருப்பமில்லை. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிதான் அப்படி உட்கார்ந்திருப்பார்கள். இது அப்பாவோடே வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். கேமரா முன்னால் அது நினைவுக்கு வரவில்லை, விதிதான் நினைவில் இருந்தது.

அப்பா எழுந்து வேட்டியை உதறினார். "ஒனக்குப் புடிக்கலன்னா விட்டுரு பாப்பா. அந்த வீடியோவுல பல்லக் காட்டுனதுக்கு இன்னும் எம்மேல கோவமாத்தான் இருக்க" என்றார்.

அந்த வீடியோவைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. இல்லப்பா என்று நான் சொல்வதற்குள் ஓரத்திலிருந்து, "ம்?" என்று கேட்டது. அக்காதான். கடித்திருந்த உதட்டையும் மீறி வந்துவிட்டது.

அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். என்ன தோன்றியதோ, உட்கார்ந்தார், என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "ஆமாம்மா, அவ பேசவே மாட்டேங்குறா." "ம்." "அறுப்பு முடிஞ்சா மொத போனு எங்களுக்குத்தான் வரும்." "ம்." "எலியப் புடிக்கலன்னா அடுத்த போகம் அவுங்க வூட்டுக்கு நெல்லு போவாது." "ம்ம்." அக்கா விதியை எல்லாம் காற்றில் விட்டுவிட்டார். நான் கேமராவைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன். நிழல் நகர நகர அப்பா பேசிக்கொண்டே இருந்தார். என் அப்பாவுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

நடுவில் ஒரு இடத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அந்த வீடியோ எடுத்த தம்பியும் இப்படித்தாம்மா. நல்லாக் கேட்டுச்சு. ஒன்ன மாதிரியே ம் ம்னு கேட்டுச்சு. அதான் எல்லாத்தையும் சொன்னேன்."

அக்காவின் ம் தொண்டையிலேயே நின்றது. அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ என்னா பண்ணுவ?" என்றார்.

அக்கா ஹெட்போனைக் கழற்றினார். "எடுத்தத மொதல்ல நீங்கதான் பாப்பீங்க. ஒங்க ஆளுங்க எல்லாரும் பாப்பாங்க. வேணாம்னு சொன்னா ஒங்க கண்ணு முன்னாடியே அழிச்சிருவோம்."

"அந்தத் தம்பியும் காட்டுறேன்னுதான் சொன்னுச்சு."

"சரிங்க. அப்ப காட்டுற வரைக்கும் என்னய நம்பாதீங்க" என்றார் அக்கா.

அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தைகளைச் சொன்னார். "நெல்லு தின்னு வளர்ற எலி, அதுல என்ன கேடு? நாங்க திங்கிறோம். எனக்கு அதுல ஒரு வெக்கமும் இல்ல. எஞ்சின்னப் புள்ள பள்ளிக்கூடம் போவாம முந்திரிக்கொட்ட ஒடச்சுக்கிட்டு இருக்கா பாரு, அதான் எனக்கு வெக்கமா இருக்கு." அந்த 'வெக்கமா' மேல் அக்காவின் ம் ஒன்று சரியாக விழுந்தது. மெதுவான ம்தான், ஆனாலும் விழுந்தது.

பெரம்பலூரில் உட்கார்ந்து படத்தைத் தொகுத்தபோது தன் ம்களைத் தானே வெட்டினார் அக்கா. "எவ இவ, வாய மூட மாட்டேங்குறா" என்று தன்னையே திட்டிக்கொண்டு வெட்டினார். எல்லாம் போனது, அந்த ஒன்று மட்டும் அப்பாவின் வார்த்தையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ம்மை எடுத்தால் வெக்கமும் போய்விடும். சார் போட்டுக் கேட்டுவிட்டு, "இது இருக்கட்டும்மா" என்றார். அவர் நல்ல மனிதர்தான்.

நல்ல மனிதராக இருந்தும் ஒரு சிக்கலை உண்டாக்கினார். டெல்லியில் ஒரு திரையிடலுக்கு உடனே அனுப்ப வேண்டும், ஊரில் அப்புறம் காட்டிக்கொள்ளலாம் என்று போனில் அக்காவுக்கு விளக்கினார். அக்கா ம் ம் என்று கேட்டார். சார் சந்தோஷமாக அங்கே படத்தின் பெயரைக் கொடுத்துவிட்டார். மறுநாள் படத்தை அனுப்பு என்றபோது அக்கா, "இல்ல சார், அவங்கப்பா இன்னும் பாக்கலியே" என்றார்.

"நேத்து சரின்னு சொன்னியேம்மா."

"கேட்டேன் சார். சரின்னு சொல்லல."

எதிர்முனையில் சார் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அக்கா அதற்கும் ம் கொட்டினார். ஆனால் படத்தை அனுப்பவில்லை. அவர் வேலைக்கே ஆபத்து வருமோ என்று எனக்குப் பயம். என்னிடம் கேட்டிருந்தால் அனுப்பிவிடலாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு அக்கா எங்கள் குடியிருப்புக்கு வந்தார். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டுச் சுவரில் திரையாக ஒரு வேட்டி கட்டினோம். எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா முன்னால் உட்காராமல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கை வீட்டுப் படியை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்தே பார்த்தாள்.

முதலில் ஒரே சிரிப்பு. உன் மூக்கப் பாரு, என் கோழியப் பாரு என்று. புகைச்சட்டியை ஊதுகிற என் மாமாவின் கன்னம் உப்பியதற்கு அத்தை சத்தமாகச் சிரித்தாள். பிறகு அப்பா பேசுகிற இடம் வந்தது. சிரிப்பு நின்றது. திரையில் அப்பா ஒன்று சொல்லி நிறுத்துகிறார், அந்த இடைவெளியில் ஒரு சத்தமும் இல்லை, நாங்கள்தான் ம்களை வெட்டிவிட்டோமே. கெடுத்துவிட்டோம், மறுபடியும் எல்லோர் முன்னாலும் அவரை அவமானப்படுத்திவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது முன்வரிசையில் பெரியம்மா, சுவரில் இருந்த அப்பாவைப் பார்த்து, "ம்" என்றாள். அடுத்த இடைவெளியில் மாமா. அதற்கடுத்ததில் நான்கைந்து பேர். அக்கா புரொஜெக்டருக்குப் பின்னால் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

படம் முடிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

"சொல்லுங்க. வெச்சுக்கவா, அழிக்கவா?"

அப்பா லேப்டாப்பைப் பார்த்தார். "எங்கிட்ட கேக்காதம்மா. கஷ்டப்பட்டது அவ. அவ சொல்லட்டும்" என்று படியைக் காட்டினார்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். அழித்துவிடு என்றுதான் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் அழிக்கத்தான் வேண்டும். மனதுக்குள் படத்தை நான் தலைமுழுகிவிட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

"இத எங்க ஸ்கூல்ல போடுவீங்களா?" என்றாள்.

"எங்க?" என்றேன் நான்.

"எங்க ஸ்கூல்லதான். எல்லாரும் பாக்குற மாதிரி."

"ஹெச்.எம்மக் கேக்கணும். கேட்டாப் போடலாம்" என்றார் அக்கா. "நீ வருவியா?"

"போடுறப்ப நான் இல்லாம எப்புடி? எங்கப்பால்ல பேசுறாரு."

அப்பா வேப்பமரத்தை விட்டுவிட்டு நேராக வீட்டுக்குள் போனார். உள்ளே சொம்பில் தண்ணீர் மொண்டு குடிக்கிற சத்தம் வெளியே கேட்டது, மடக் மடக்கென்று.

திங்கட்கிழமை காலைவரை ஹெச்.எம்மை யாரும் பார்த்திருக்கவில்லை. படம் போட நாள் குறிக்கட்டும், அப்புறம் போகலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். தங்கை கேட்கவில்லை. இறுகிப்போன பழைய யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, புத்தகப்பையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய் நின்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள். நான் ரோட்டிலேயே நின்று அக்காவுக்கு போன் போட்டு, அவள் பஸ் ஏறிப் போய்விட்டதைச் சொன்னேன்.

ஒரு சத்தமும் இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது" என்றார் அக்கா. "இன்னொரு தடவ சொல்லு."